அத்தானின் கூலிங்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மத்தளம் நான்தான். அக்காவுக்கு நான் கூடப் பிறந்த தம்பி. அவள் புருஷனுக்கோ ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் கையாள். பகலெல்லாம் அத்தானோடு கடையில் இருப்பேன், சாயங்காலம் அக்கா கையால் சாப்பிடுவேன். யார் பக்கம் பேசினாலும் எனக்கு நஷ்டம்.

அத்தான் திடீரென்று இளைத்தார். தண்ணீர் குடிப்பதும் பாத்ரூம் போவதுமாக இருந்தார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மாத்திரைக்கு அடங்கற நிலையில இல்ல, ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். ஓடுகிற மெஷினுக்குள் கையை விடுகிற மனுஷன், முடியளவு ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் அக்காதான் வயிற்றில் போட்டுவிட்டாள். அப்புறம் அவரே பழகிக்கொண்டார். அக்கா சர்க்கரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். ஈ எறும்பைத் தவிர எல்லோரும் அடங்கிப் போனோம்.

இவ்வளவு பண்ணியும் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் ஊசி மருந்தின் யூனிட்டைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. மறுபடி கூட்டும்போது, "வெளில ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார். அக்காவுக்கு அது போதாதா?

"திருட்டுத்தனமா தின்னுட்டு வந்து ஊசி குத்திக்கறீங்க. யார ஏமாத்தறீங்க?"

"சத்தியமா ஒண்ணும் தொடலடி."

"சத்தியத்துலயும் சர்க்கரை கலந்திருக்கு போல."

என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். "நீ கூடவேதான இருக்க. சொல்லு, என்ன திங்கறார்?"

"டீயில கூட சர்க்கரை போட்டுக்கறதில்லக்கா."

"நீ அவருக்கு ஜால்ரா."

அத்தான் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மூலையில் நின்றபடி தின்றார். அக்கா சேரை இழுத்துப் போட்டு வைப்பாள், அவர் வரமாட்டார். கட்டின பெண்டாட்டி தன்னை நம்பவில்லை என்பது சர்க்கரையை விட அவரை அதிகமாக அரித்தது. எனக்கு அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது.

வீட்டில் இருக்கிற ஃப்ரிட்ஜ் அத்தான் கையால் செய்தது. நாலு பழைய பெட்டிகளிலிருந்து நல்ல பாகங்களாகப் பொறுக்கிப் பூட்டியது. கூலிங்கைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருப்பார். ஃப்ரிட்ஜில் வைத்த தக்காளியில் கத்தி இறங்காது. அக்கா அதைப் பற்றிப் புலம்பினால், "கூலிங் இல்லன்னு அழறவங்களப் பாத்திருக்கேன், இருக்குன்னு அழறவ நீ ஒருத்திதான்" என்பார். நர்ஸ் மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னதும், உள்ளே பின்பக்கம், ஐஸ் சுவரோடு ஒட்டி இன்சுலின் ஊசிப் பேனாவுக்கு இடம் ஒதுக்கினார். காலையில் எடுத்தால் மருந்து கட்டியாக இருக்கும். உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து உருக்குவார். "பாத்தியா மாப்ள, கூலிங்!" என்று என்னிடம் பெருமையடிப்பார். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுவேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த வாரம் ஒரு மருந்துக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கடைக்காரம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். தெர்மோஸ்டாட் கெட்டு, மெஷின் நிற்காமல் ஓடி, உள்ளே எல்லாம் ஐஸ்.

"இன்சுலின் பூரா உறைஞ்சு போச்சு. அத்தனையும் குப்பைக்குத்தான்" என்றார்.

அத்தான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஏம்மா, உருகினா சரியாயிடும்ல?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உறைஞ்ச மருந்த நம்பவே கூடாது. ஊசி போட்ட மாதிரியும் இருக்கும், போடாத மாதிரியும் இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை முடித்தார். கடைக்காரம்மா வேறு ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்த மருந்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

"அத்தான், நீங்க திருடலன்னு தெரிஞ்சுபோச்சு! வாங்க, அக்காகிட்ட சொல்லுவோம்."

"மூச்சு விடாத."

"ஏன்?"

"திருடித் தின்னான்னு பேரெடுத்தா பரவால்ல மாப்ள. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் மருந்தையே ஐஸாக்கினான்னு பேரெடுத்தா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்? ஊரே சிரிக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். புது மருந்து சரியாக வேலை செய்யும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். செத்த மருந்துக்காகக் கூட்டிய யூனிட்டைக் குறைக்கவேண்டும் என்பது மட்டும் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

மறுநாள் கடை லீவு. ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியிலேயே வைத்திருந்த புது மருந்தை அத்தான் பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு அக்கா கூப்பிட்டபோது நாற்காலியை விட்டு எழவில்லை. என்னவோ குழறினார். தட்டைத் தள்ளிவிட்டார். அக்கா சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போனாள். ஃபேனுக்கு நேர் கீழே சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, இது லோ சுகர்டா!"

பீரோவுக்கு ஓடினாள். அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவில்லை, நான்தான் பிடுங்கித் திறந்தேன். சர்க்கரையைக் கரைத்து அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். "முழுங்குங்க. என்னப் பாருங்க. முழுங்குங்க."  அவர் போயிருந்தால் அதில் மூடி வைத்த என் வாய்க்கும் பங்கு இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பார்வை தெளிந்தது. அக்கா அவர் விரலைக் குத்திச் சர்க்கரை மீட்டரில் பார்த்தாள். "இத்தன நாளா இறங்காதது இன்னிக்கு எப்படி இவ்ளோ கீழ வந்துச்சு?"

அத்தான் தரையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா அழுதாள். "திருடன்னு சொன்னேனே. எத்தன தடவ சொன்னேன். அதக் கேட்டுக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்டீங்களே." அப்படியே முகம் மாறியது. "தெரிஞ்சப்புறமும் வாயத் திறக்கல இல்ல? ஏன்?"

"ஊர் சிரிக்கும்டி."

"ஊரா இப்ப உங்க வாய்ல சர்க்கரைத் தண்ணி ஊத்துச்சு?"

 அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸைப் பிடித்தாள். சர்க்கரை இறங்கியதையும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததையும் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். "இதுவரைக்கும் மருந்த எங்க வச்சிருந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

அக்கா போனை அத்தான் முன்னால் நீட்டிப் பிடித்தாள். கை வலித்திருக்கும், இறக்கவில்லை.

அவர் போன் பக்கம் குனிந்தார். "ஃப்ரிட்ஜ்லதான்மா. ஐஸ் மேல ஒட்டி வச்சேன். எல்லாம் உறைஞ்சு போச்சு." பிறகு அதையும் சொன்னார். "நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

அந்தப் பக்கம் சிரிப்பு வரும் என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.

"இப்ப தலை சுத்துதாங்க? பக்கத்துல யார் இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"என் பொண்டாட்டி இருக்கா" என்றார் அத்தான்.