மறுபூசைக்கு முன்னால்

அரசு ஆபீசில் சாமி படம் கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்த வருஷம் அது. தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் ராமசுப்பு அதைப் பத்திரமாக ஃபைலில் கோத்தார். அந்த ஃபைலுக்கும் சந்தனம் தெளித்து சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவிட்டார். மறுநாள் ஆயுதபூசை லீவு, அதற்கு மறுநாள் விஜயதசமி. அதனால் ஆபீஸ் பூசை இன்றைக்கே.

பந்தல்குடி ஞானப்பூ காலையிலிருந்து காத்துக் கிடந்தாள். மகள் ஹெப்சிபாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. லீவு முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குச் சாதிச் சான்றிதழோடு மதுரையில் நிற்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாக்கி முத்திரை ஒன்றுதான். அது குங்குமப் பொட்டோடு, பொரிக்கும் கடலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

“பூசையில வச்சத மறுபூசை போடாமத் தொடக் கூடாதும்மா” என்றார் ராமசுப்பு.

“பிள்ளை படிப்புங்கய்யா. ஒரு தடவ அமுக்குனாப் போதும்.”

“அப்ப நீயே சாமிகிட்டக் கேளு. சூடத்தத் தொட்டுக் கும்பிட்டு, குங்குமம் வச்சுக்க. எடுத்துத் தாரேன்.”

ஆபீஸே வேடிக்கை பார்த்தது. வாய் நிறையப் பொரி.

பொட்டு வைத்தே அறியாத நெற்றி அது. ‘ஆண்டவரே, மன்னிச்சிரும்’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் குங்குமம் வைத்தாள்.

ராமசுப்பு முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார். சான்றிதழை ஒருமுறை படித்தார். முத்திரையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

“கிறிஸ்தவம்னு போட்டிருக்கு. இப்பக் கும்பிட்டது யாரு? ஆபீஸே பாத்துச்சு. பொய்ச் சர்டிபிகேட்டுக்கு சீல் வச்சா என் வேலை போயிரும். வி.ஏ.ஓ. மறுபடி விசாரிக்கட்டும்.”

“நீங்க சொல்லித்தானய்யா…”

“நான் சொன்னா மதம் மாறிருவியா?”

சிரிப்புப் பொங்கியது. பாவி, பொரிப் பொட்டலம் ஒன்றையும் அவள் கையில் திணித்தார்.

வெளியே நின்ற ஹெப்சிபா அம்மாவின் நெற்றியைத்தான் முதலில் பார்த்தாள். நடந்ததை ஞானப்பூ ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“அவுக சொன்னா வச்சுக்கிருவியா?” என்று கேட்டதோடு சரி.

மதுரையில் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஹெப்சிபா அம்மா பக்கத்தில் உட்காரவில்லை.