புல்லுக்கு ஒரு கூண்டு

கிளிக்குக் கூண்டு செய்வார்கள், எலிக்குக் கூண்டு செய்வார்கள். புல்லுக்குக் கூண்டு செய்தவன் கும்மிடிப்பூண்டி வெல்டர் ஜோஷ்வா ஒருவன்தான். "இன்னாபா, புல்லு எழுந்து ஓடிப்பூடுமா?" என்று பட்டறையில் கூட வேலை பார்க்கும் சின்னதுரை கேட்டுக் கேட்டே அவன் உயிரை வாங்கினான்.

ஜோஷ்வாவின் மகள் ஹெலன் நீலகிரி உச்சியில் புல்வெளி ஆராய்ச்சி செய்கிறாள். எருமை மேய்வதால் செடிவகைகள் அழிகின்றனவா என்று பார்க்க, மேயாத இடமும் கொஞ்சம் வேண்டுமே! போன வருஷம் அவள் போட்ட மூங்கில் வேலியைக் காட்டெருமை ஒரே முட்டில் சாய்த்து, உள்ளே இருந்ததையும் ஒட்ட மேய்ந்துவிட்டது. இந்த முறையும் வேலி விழுந்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"அழுவாத கண்ணு, நான் கீறேன்ல" என்றான் ஜோஷ்வா. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பட்டறைக்கு வந்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கூண்டுகள் செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றினான். அப்புறம் மேகம் கறுத்தாலே, மலையில் என்ன ஆனதோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், அவன் சின்னதுரையோடு டீக்கடையில் இருந்தபோது ஹெலன் வீடியோ காலில் வந்தாள். கூண்டு நின்றுகொண்டிருந்தது! "தோத்திரம் ஆண்டவரே!" என்று அவன் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் பாலைக் கொட்டிவிட்டார்.

மகள் போனைக் கிட்டே கொண்டுபோனாள். கூண்டுக்குள் இடுப்புயரத்துக்கு ஒரே புல். வெளியே எருமை மேய்ந்த தரையிலோ நீலமும் மஞ்சளுமாகப் பொடிப்பூக்கள் கொட்டிக் கிடந்தன.

"போச்சுடா! நீ காபந்து பண்ண எடத்துல ஒரு பூவக் காணோமே!" என்றான் சின்னதுரை.

ஜோஷ்வாவின் முகம் செத்துப்போனது. "நாந்தான் கெடுத்துட்டனா கண்ணு?"

"ஐயோ நைனா, அதான் ரிசல்ட்டே! மேயலன்னா அந்தப் பெரிய புல்லே வெயில மறைச்சிக்கினு மத்த எல்லாத்தையும் அமுக்கிடுது. மேஞ்சாதான் சின்னச் செடி பொழைக்குது. உன் கூண்டு நிக்கலன்னா நான் இன்னாத்த காட்டியிருப்பேன்? மூட்டை கட்டுன்னு சொன்ன சாரே கை தட்டிட்டாரு நைனா!"

ஜோஷ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காட்டெருமை வந்துச்சா?"

"வந்துச்சி. ரெண்டு தபா முட்டுச்சி. தோ, குழாய் வளைஞ்சிக்கீது பாரு."

"வெல்டு வுட்டுச்சா?"

"ஒண்ணுகூட வுடல!"

ஜோஷ்வா போனைச் சின்னதுரையின் மூக்குக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான்.

"பாத்துக்கோ. நல்லா பாத்துக்கோ" என்றான்.