செப்புத் தகட்டில் ஒருவன்

தம்பி மாடியறைக்கு வந்து பதினொரு நாள். கிடங்கில் நடந்த கொலையை அவன் பார்த்துவிட்டான். நாளை மறுநாள் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது.

எனக்குக் கை சும்மா இருக்காது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனைச் செப்புத் தகட்டில் நேராகச் செதுக்கினேன். முதுகு மட்டும். பிடரியில் வைத்த இடது கை. அதில் இரண்டு விரல்கள் இல்லை.

தகட்டில் மை தடவித் தாளில் எடுத்த முதல் பிரதியைக் கணவர் முன்னறைக் கம்பியில் காயப்போட்டார். முகம்தான் இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

முற்பகலில் படம் வாங்க வந்தவன்போல ஒருவன் வந்தான். துடைத்த ஷூ. படத்தின் முன் நின்றான்.

"இது யாரு, அக்கா?"

"யாருமில்ல. மனசுல தோணுனது."

"எங்க பையன் ஒருத்தனக் காணோம். இதே கூன் முதுகு. அவன் அம்மா அழுதுகிட்டே இருக்காங்க."

எங்கள் அம்மா இறந்து ஆறு வருடம்.

குனிந்து விரல்களை எண்ணினான். உதட்டைப் பிதுக்கினான்.

"அவனுக்கு இடது கையிலதான் விரல் போச்சு. இதுல வலது கை. வேற ஆளு."

அவன் வாசல்வரை போனான். எனக்கு மூச்சு வந்தது.

"இல்ல, கைய மாத்திப் போட்டுட்டீங்களா?" சிரித்தான். "அவசரத்துல தப்பு வர்றதுதான்."

உள்ளே அச்சு யந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் காதில் அது மட்டும் விழுந்தது. என் வேலையில் யார் குறை சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. மை படிந்த துணியோடு வெளியே வந்தார்.

"அவ கோடு தப்பாதுங்க. தகட்டுல சரியாத்தான் இருக்கு. அச்சுல இடம் வலமா மாறிடும். இதுகூடத் தெரியாம படம் பாக்க வந்துட்டீங்களே!"

பிறகு என் முகத்தைப் பார்த்தார். துணி கையிலிருந்து நழுவியது.

"அப்படியா மாமா," என்றான் வந்தவன். "நல்லாப் புரிய வச்சீங்க."

மாடியில் நாற்காலி நகர்ந்தது.

"பூனை," என்றார் கணவர்.

"நல்ல கனமான பூனை."

ஸ்டூலை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"ஆமா, இங்கதான்," என்றான். "மெதுவாவே வாங்க. வெளிய போக வேற வழியில்ல."