கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம்

பழைய காரு, பழைய பங்களா, கோயில் சிற்பம், எதுவானாலும் ராயப்பன்தான் படம் புடிக்கணும்னு திண்டிவனத்துல எவனைக் கேட்டாலும் சொல்லுவான். பெரிய கொம்பன்! அந்த ராயப்பன் நான்தான். எங்கிட்ட பெத்த தாய் படம் ஒண்ணு கிடையாது. எனக்கு அஞ்சு வயசுல மஞ்சக்காமாலையில போயிடுச்சு அம்மா. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கப் போற கூலிக்காரியை யாரு போட்டோ எடுத்தாங்க?

ஒரே ஒரு இடத்துல அது முகம் இருந்துச்சு. கூட்டேரிப்பட்டுப் பக்கம் எங்க ஊரு மாதா கோயில் பக்கவாட்டுச் சுவர்ல. எங்கப்பா பெயிண்டர். அம்மா போனப்புறம் அந்தச் சுவர்ல மாதாவை வரைஞ்சாரு, அம்மா முகத்தை வெச்சு. அதே கருப்பு, இடது கண்ணுக்குக் கீழ அதே மச்சம். கூலிக்காரி மூஞ்சியான்னு ஊரு கேக்கும்னு பயந்து, அது அம்மான்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுச் செத்தாரு.

தை மாச வெயில்தான் அந்தச் சுவர்ல நேரா விழும். ஒவ்வொரு தையும் ஏதோ ஒரு வேலை. சாயம் உதிர்ந்துக்கினே போவுது, இனியும் விட்டா அம்மா இல்லன்னு இந்தத் தையில கோயிலைப் பாத்துக்கிற ரஞ்சித் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வர்றேன். சுவத்து மாதாவைப் படம் புடிக்கணும்."

"வாய்யா ராஜா, ஜம்முனு ரெடி பண்ணி வைக்கிறோம்"னாரு.

எங்க ஊர்ல போட்டோன்னா தலை வாரணும், பவுடர் போடணும். அது சுவத்துக்கும் உண்டுன்னு இந்த மடையனுக்குத் தோணலையே!

போய் நின்னா எனாமல் வாசம் குப்புன்னு அடிக்குது. ரோஸ் கலர் மூஞ்சி, ரத்தச் செவப்பா உதடு.

"எல்லாத்தையும் சுரண்டிட்டுப் பட்டி பாத்து அடிச்சிருக்கோம்"னு ரஞ்சித் அண்ணன் சிரிக்கிறாரு. "மாதா ஏன்யா கருப்பா இருக்கணும்? கன்னத்துல அழுக்காட்டம் ஒரு புள்ளி வேற. போயே போச்சு பாரு!"

அடப்பாவிங்களான்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா மொத்தத் தெருவும் நல்ல துணி கட்டிக்கினு சுவத்துக்கு முன்னாடி நிக்குது, நான் அவங்க கோயிலைப் பெருமைப்படுத்த வந்தேன்னு. யாரை அடிக்கிறது? நிக்க வெச்சு எடுத்தேன்.

திரும்பி வர்ற வழியில ஞாபகம் வந்துச்சு. போன வருஷம் புதுச்சேரிக்காரர் ஒருத்தரோட பழைய ஆஸ்டின் காரை அதே சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி எடுத்தேனே! ஓடி வந்து கம்ப்யூட்டரைத் தொறந்தேன். காரு பளபளன்னு இருக்கு. காரு எடுப்பா தெரியணும்னு பின்னாடி சுவரை மங்கலா விட்டிருக்கேன். மச்சம் இருக்க வேண்டிய இடத்துல வெறும் பழுப்பு. பெருசு பண்ணப் பண்ண கட்டம் கட்டமா ஒடையுது. பானெட்டு பாலீஷ்ல மட்டும் ஒரு மூஞ்சி தெளிவா தெரிஞ்சுது. கேமராவைப் புடிச்சிக்கினு நான். உக்காந்து வாய்விட்டு அழுதேன்.

போன் அடிச்சுது. ரஞ்சித் அண்ணன்.

"எல்லாரும் கேட்டுக்கினே கெடக்காங்க, படத்தை அனுப்புய்யா. உன் வீட்லயும் ஒண்ணு பெருசா மாட்டு, உங்கப்பா நெனப்பா."

"சரிண்ணே"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்போ கண்ணை மூடினா அம்மா வர்றதில்ல. அந்த ரோஸ் கலர்தான் வருது.