அப்பா அடைத்த கதவு

ஊருக்கு வெளியே பாழடைந்து கிடக்கும் ராணுவ முகாமில், நிலவறைக் கதவை வெட்டித் திறக்கும் வேலை நகராட்சியிலிருந்து என் வெல்டிங் பட்டறைக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு முன் அந்தக் கதவை அடைத்துப் பற்றவைத்தவர் என் அப்பா. ராணுவம் காலி செய்த அன்று, ரகசியம் தெரிந்த சிப்பாய்களை உள்ளே தள்ளி அடைத்துவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. அப்புறம் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. அப்பாவோ ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

எனக்கு வாய் நீளம். ஆனாலும் இதை மட்டும் அவரிடம் கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கிளம்பும்போது அவராகவே வாயைத் திறந்தார். "முழுசா வெட்டாதே. நெஞ்சு உயரத்துல கையகலம் வெட்டி, டார்ச் அடிச்சுப் பாரு. கதவு மேல சாயாதே."

உள்ளே ஏதோ இருக்கிறது, அது இவருக்குத் தெரியும்.

முகாம் வாசலில் திருவிழாக் கூட்டம். சவரக் கடைக்காரர் பாதி முகம் வழித்த ஆளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு நகராட்சி இன்ஜினியர் என்னோடு இறங்கினார். துருப்பிடித்த கட்டில்கள், எண் எழுதிய கொக்கிகள், சுவரில் வரைபடம் மாட்டியிருந்த தடம். பயத்தில் அந்த மனிதர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார், சுருதியே சேரவில்லை.

கதவில் துருவைத் தட்டினேன். அடியில் அப்பாவின் கைவேலை தெரிந்தது. அவர் இடதுகைக்காரர், அவர் பற்றவைத்த வரி வலமிருந்து இடமாகப் போகும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவை ஓட்டியிருந்தார், ஒரு பொத்தல் இல்லை. பாவத்தைக்கூட இவ்வளவு சுத்தமாகவா செய்வார் மனுஷன் என்று கோபம் வந்தது.

கிரைண்டரை வைத்துக் கையகலம் வெட்டினேன். டார்ச் அடித்தேன். உள்ளே தரையே இல்லை. குண்டுகளை ஏற்றி இறக்கத் தோண்டிய பள்ளம், வாசல்படியை ஒட்டியே செங்குத்தாக இறங்கியது. ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை. இன்ஜினியர் ஒரு நட்டைப் போட்டார். வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

படியேறி வந்து போன் போட்டேன். "அப்பா, வெறும் பள்ளம்ப்பா!"

"ஆமாம்மா. மண்ணைப் போட்டு மூடச் சொல்லி ராணுவத்துக்காரங்ககிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். போற அவசரத்துல யாரும் காதுல வாங்கலை. பசங்க வேற வேலியைத் தாண்டி விளையாட வந்தாங்க. கையில இருந்த வெல்டிங் ராடையெல்லாம் போட்டு அடைச்சுட்டேன்."

"அதை ஊர்ல சொல்லியிருக்கலாமே!"

"பள்ளம்னு சொன்னா எட்டிப் பார்க்க வருவாங்க. பொணம்னு சொன்னா பக்கத்துலயே வரமாட்டாங்க."

"பொணம்னு யார் சொன்னது?"

"நான்தான். சவரக் கடையில உட்கார்ந்து நைசா எடுத்துவிட்டேன். ரெண்டே நாள்ல ஊரெல்லாம் பரவிடுச்சு."

"என்னைப் பத்தி நினைச்சுப் பார்த்தீங்களா?"

"உன்னைத்தான் நினைச்சேன். வேலியைத் தாண்டினதுல நீயும் ஒருத்தி."

எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் அதிகம். இப்படி ஒரு மனுஷனுக்கா நான் பிறந்தேன் என்று மார்பு விம்மியது.

பள்ளத்தை மூட அனுமதி வர ஆறு மாதமாவது ஆகும் என்றார் இன்ஜினியர். நான் திரும்பக் கீழே இறங்கி ஒரு தகட்டை எடுத்து, வெட்டிய இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன். மூன்று தடவை ஓட்டினேன்.

வாசலில் சவரக் கடைக்காரர் முந்திக்கொண்டார். "என்னம்மா, உள்ளே இருக்காங்களா?" அவர் பின்னால் வேலிக் கம்பியில் பத்துப் பன்னிரண்டு வாண்டுகள் தொற்றிக்கொண்டு நின்றன.

"இருக்காங்க," என்றேன். "எங்கப்பா அடைச்சதுதான். இப்ப நானும் அடைச்சுட்டு வர்றேன்."