ஒருவர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு

நகராட்சி ராங்கெலுக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்து மூன்று லெவா இருபது ஸ்தொதின்கி. மூன்று கூட்டங்களுக்குப் போய் வந்த வண்டிக் கூலி அது. சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வண்டி அந்த ஊரில் ஒன்றுதான், ஸ்பாஸுடையது. போக ஏழு லெவா இருபது, வர ஏழு லெவா இருபது. ஸ்பாஸ் நல்லவன்தான். அவனுடைய நல்ல குணம் டீசலுக்குத் தெரியாது.

ராங்கெல் கட்டட வேலை பார்த்தவர். கடற்கரையில் ஒரு ஓட்டலுக்குச் சாரம் கட்டி மூன்றாவது மாடிக்குப் பூசிக்கொண்டிருந்தபோது பலகை நழுவியது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. படிப்பு வந்ததும் அதற்குப் பிறகுதான். நாற்பத்தேழு வயது வரை சிமெண்ட் மூட்டையில் இருக்கும் எண்ணைத் தவிர எதையும் வாசித்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் மல்லாந்து கிடந்த காலத்தில் எழுத்துக் கூட்டினார். இன்றைக்கும் அப்படித்தான் வாசிப்பார், ஒவ்வொரு எழுத்தாக, எதையும் தாண்டாமல்.

நகராட்சி அவருக்கு உதவிக்கு ஆள் கொடுத்திருந்தது. பெயர் ஸ்லாவ்கா. எதிர்த்தெருக்காரி. காலை எட்டு மணிக்கு வருவாள், மாலை ஐந்து மணிக்குப் போவாள். போவதற்கு முன் அவரைத் தூக்கிப் படுக்கையில் போட வேண்டும். தனியாக அவரால் நாற்காலியிலிருந்து இறங்க முடியாது. அதனால் ஜூன் மாதத்திலும் அவருக்கு இரவு நாலே முக்காலுக்கே வந்துவிடும்.

"அண்ணே, நேரமாச்சு. படுக்க வச்சிட்டுக் கிளம்புறேன்."

"வெளிய சூரியன் நிக்குது பாரு ஸ்லாவ்கா. அதுவே இன்னும் படுக்கல."

"அதுக்கென்ன, அதுக்கு அஞ்சு மணியோட டூட்டி முடியுதா?"

படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். வெயில் கூரையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பகடைப் பலகையை விரிப்பார்கள். பகடை உருளும் சத்தம் கேட்கும், தக்காளி நறுக்கும் வாசம் வரும், ரக்கியாச் சாராயம் ஊற்றும் சத்தம்கூடக் கேட்கும். எவனாவது ஒருவன் கத்துவான்: "ராங்கெல்! கோழியே இன்னும் அடையல, நீ அதுக்குள்ள அடைஞ்சிட்டியா?"

"உன் பலகைய ஜன்னல் வழியா உள்ள போடுடா, நானும் ஆடுறேன்!" என்று இவரும் கத்துவார். கத்தலாம். ஆட முடியாது.

அவருக்கு வேண்டியதெல்லாம் இதுதான். இரவு பத்து மணிக்கு ஒரு ஆள் வந்து படுக்க வைக்க வேண்டும்.

வியன்னாவிலிருந்து ஒரு அமைப்பு நகராட்சிக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டுக்கு வந்து கவனிக்கும் சேவைகளைப் புதிதாகத் திட்டமிட வேண்டும், ஆனால் அந்தச் சேவையைப் பெறுகிறவர்களைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. ஆறு பேரை உறுப்பினராகப் போட்டார்கள். கூட்டத்தை இரண்டாம் மாடியில் வைத்தார்கள். லிஃப்ட் கிடையாது. பூங்காவில் புல் வெட்டும் இரண்டு ஆட்கள் ராங்கெலை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முதல் கூட்டத்தில் பேசிய பொருள், 'கட்டடங்களில் எளிதாக நுழையும் வசதி'.

"நுழைஞ்சிட்டேன்ல, இனி என்ன பேச்சு?" என்றார் ராங்கெல். திட்ட அதிகாரி துஷ்கோவா சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவள் கெட்டவள் இல்லை. ஒரே நேரத்தில் நான்கு திட்டம், ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பாதி நாள் படுத்துக்கொள்ளும்.

மூன்றாவது கூட்டத்தில்தான் ராங்கெலின் விஷயம் வந்தது. பணம் இல்லை என்று துஷ்கோவா ஆரம்பித்தாள்.

"பணம் வேணாம் மேடம்," என்றார் ராங்கெல். "மதியம் பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஸ்லாவ்காவுக்கு என் வீட்டுல வேலையே இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து துருக்கி சீரியல் பாக்குறோம். அந்த ரெண்டு மணி நேரத்தை எடுத்து ராத்திரி எட்டுலேர்ந்து பத்துக்குப் போடுங்க. அவளுக்கும் சம்மதம்தான், கேட்டுட்டேன். அதே சம்பளம், அதே ஆளு."

துஷ்கோவா பேனாவைக் கீழே வைத்தாள். "இது எனக்குத் தோணவே இல்ல அண்ணே."

"உங்களைத்தான் நாலே முக்காலுக்கு யாரும் படுக்க வைக்கிறதில்லையே!"

எல்லாரும் சிரித்தார்கள். மாலை நேர உதவி எல்லாருக்கும் வேண்டுமா என்று துஷ்கோவா கேட்டாள். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆமாம் என்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லை என்றால் தலை மேலே போய் இறங்கும், நாக்கு ஒரு 'ச்' கொட்டும். ஐந்து பேரும் இடமும் வலமுமாக ஆட்டினார்கள். பேச வராத வெனெத்தா எல்லாரையும்விட அதிகமாக ஆட்டினாள், அவளுடைய நாற்காலியே ஆடியது. கண் தெரியாத ஒக்னியான் மட்டும் வாயைத் திறந்தார்.

"வேணும்! என்ன, எல்லாரும் சும்மா இருக்கீங்க? தலை ஆடுற சத்தம் எனக்குக் கேக்காதுய்யா!"

மூலையில் வியன்னாக்காரர் ஒருவர் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். பேசியதையெல்லாம் அவருக்கு ஒரு பெண் மொழிபெயர்த்துச் சொன்னாள். தலைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று அவர் நினைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வியன்னாவிலிருந்து கூட்டக் குறிப்பு வந்தது. பதினெட்டுப் பக்கம், நல்ல வழவழப்பான தாள். ஸ்லாவ்கா புரட்டிப் பார்த்து, "அழகா போட்டிருக்காங்க," என்றாள். ராங்கெல் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். பதினொன்றாம் பக்கத்துக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அங்கே இருந்தது: 'மாலை நேர உதவி: ஒருவர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை விருப்பப்படி கைவிடப்பட்டது.'

மறுபடியும் எழுத்துக் கூட்டினார். எழுத்து மாறவில்லை.

ஒக்னியானுக்குப் போன் போட்டார். "நீ ஒருத்தன்தான்யா எனக்கு ஓட்டுப் போட்டிருக்க. நானே எனக்கு எதிரா போட்டிருக்கேன்."

விஷயத்தைக் கேட்டு ஒக்னியான் ரொம்ப நேரம் சிரித்தார். "கண்ணில்லாதவன் ஓட்டு மட்டும்தான் அவனுக்கு ஒழுங்கா தெரிஞ்சிருக்கு!"

ராங்கெலுக்குச் சிரிப்பு வரவில்லை.

துஷ்கோவாவைப் போனில் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று.

"ஐயோ, ஆமாண்ணே, அந்த ஆளு தலையாட்டுறதைத் தப்பா எடுத்துக்கிட்டாரு போல."

"அப்ப திருத்துங்க."

"முத்திரை குத்தி வந்திருச்சே. திருத்தணும்னா வியன்னாவுக்கு எழுதணும், அவங்க வீடியோவைத் திரும்பப் பாப்பாங்க, திரும்பவும் அதே தலையைத்தான் பாப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்தோட அனுப்பலேன்னா மொத்தப் பணமும் போயிரும். இந்த வருஷம் விட்டுடுங்க, அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் நான் நாலே முக்காலுக்குப் படுக்கணுமா?"

"வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கண்ணே. உங்க வண்டிக் காசும் அதோட வந்துடும். நாப்பத்து மூணு லெவா இருபது, ரெடியா இருக்கு."

"வந்ததுக்குத்தானே காசு? அதுக்கும் இந்தக் குறிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"தனியா வருகைப் பதிவேடு வைக்கலண்ணே. குறிப்புல கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க வந்ததுக்கே ஆதாரம். ஆறு பேர்ல நாலு பேராவது போடணும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசிப் பேச்சு ராங்கெலின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு பேராவது. கையெழுத்துப் போட்டால்தான் வந்ததற்கு ஆதாரம்.

வியாழக்கிழமை பிற்பகல் ஸ்பாஸின் வண்டியில் போய் இறங்கினார். புல் வெட்டும் ஆட்கள் இரண்டு பேரும் தயாராக நின்றார்கள்.

"தூக்க வேணாம்ப்பா. நான் மேல வரல."

"அப்புறம் எப்படிண்ணே?"

"மேல இருக்கிறவங்களுக்குக் கால் இருக்கே."

வாயிற்காவலர் மேசைக்குப் பக்கத்தில் ஒக்னியானும் வெனெத்தாவும் ஏற்கனவே காத்திருந்தார்கள். வெனெத்தாவைத் தினமும் தூக்கிப் படுக்க வைத்து முதுகு ஒடிந்துபோன அவளுடைய அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெனெத்தாவின் மடியில் எழுத்துப் பலகை இருந்தது. சொல்ல வேண்டியதை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள். அவளும் ராங்கெலும் ஒரே வேகம், அதனால் ஒருவருக்கொருவர் சலிப்பு வராது. பதினொன்றாம் பக்கத்தை அவளுக்கு முன்னால் பிடித்தார். அவள் ஐந்து எழுத்தைத் தொட்டாள்.

"மு-ட்-டா-ளு-ங்... போதும் தாயி, புரிஞ்சிடுச்சு."

பிறகு ராங்கெல் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் செங்கல் வைப்பது மாதிரி வைத்தார். 'இந்தக் கூட்டங்களில் நான் சொன்னது எழுதப்படவில்லை. ஆகவே நான் வந்ததாகக் கணக்கு வேண்டாம். எனக்கு வர வேண்டிய 43 லெவா 20 ஸ்தொதின்கி எனக்கு வேண்டாம். நகராட்சி எனக்கு எதுவும் பாக்கி இல்லை.' ஒக்னியான் தன்னுடையதைச் சொல்லச் சொல்ல ராங்கெலே எழுதிக் கொடுத்தார். வெனெத்தாவுடையதற்கு அவள் கட்டைவிரல் வைத்தாள். வாயிற்காவலர் மூன்று தாளுக்கும் வரவு எண் போட்டுப் பெரிய பதிவேட்டில் ஏற்றினார். அது ஒன்றுதான் அந்தக் கட்டடத்தில் தவறாமல் நடக்கிற வேலை.

துஷ்கோவா படியில் ஓடிவந்தாள். பின்னாலேயே மூன்றாம் மாடியிலிருந்து காசாளர் அம்மாள், கணக்குப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகலோடு.

"என்னண்ணே இது? காசு வேணாம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா. வேணாம்."

"வேணாம்னா நீங்க வரலேன்னு ஆயிடும்!"

"ஆயிட்டுப் போகட்டும்."

துஷ்கோவா மூன்று தாளையும் பார்த்தாள். விரலால் எண்ணினாள். ஆறில் மூன்று போனால் மூன்று. நாலு இல்லை. வியன்னாவின் நிபந்தனைப்படி உறுப்பினர்களைக் கேட்டதற்கு ஆதாரமே இல்லை. அவள் முகம் சுண்ணாம்பு பூசின சுவராயிற்று.

"இதைக் கிழிச்சிடலாம்ணே. நான் எதுவும் பாக்கல."

"வரவு எண் போட்டாச்சு மேடம்," என்றார் காவலர், தலையைத் தூக்காமலே.

"உங்க மூணு பேரால ஊரு மொத்தத்துக்கும் பணம் போகப் போகுது. நாப்பது பேருக்கு இந்தத் திட்டம்!"

"நாப்பது பேரும் அஞ்சு மணிக்குப் படுக்கிற திட்டம்," என்றார் ஒக்னியான். "எனக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதான், அதனால என்னைக் கணக்குல சேக்காதீங்க. இவங்களுக்காகச் சொல்றேன்."

"நான் என்னதான் பண்றது? சொல்லுங்களேன்! என் சம்பளத்துல பாதி மாத்திரைக்கே போகுது, இந்த வேலையால!" துஷ்கோவா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"புதுசா ஒரு கூட்டம் நடத்துங்க," என்றார் ராங்கெல். "இங்கயே, இப்பவே. மத்த மூணு பேருக்கும் போன் போட்டுக் கேளுங்க. வாயால கேளுங்க, வாயால பதில் வாங்குங்க. வெனெத்தா பலகையில சொல்லுவா. யாரும் தலையாட்ட வேணாம். உங்க கையாலேயே எழுதுங்க, அந்தப் புதுக் குறிப்புல கையெழுத்துப் போடுறோம்."

கூட்டம் நடந்தது. வாயிற்காவலரின் மேசையில் துஷ்கோவா எழுதினாள். போனில் மூன்று பேரும் 'வேணும், வேணும், இதைத்தானே அன்னிக்கே சொன்னோம்' என்றார்கள். வெனெத்தா இரண்டு எழுத்துச் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் மொழியில் ஆமாம் என்பதற்கு இரண்டே எழுத்துதான். ஆனாலும் தொடும்போதே பழக்க தோஷத்தில் தலையும் ஆடியது. "தலை வேணாம்னேன்ல!" என்று ராங்கெல் அதட்ட, அவள் நாக்கை நீட்டினாள்.

எழுதி முடித்த தாளை ராங்கெலிடம் நீட்டினாள் துஷ்கோவா. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். முதல் எழுத்து. இரண்டாம் எழுத்து. காசாளர் அம்மாள் பெருமூச்சு விட்டாள். மாடியிலிருந்து ஊழியர்கள் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். துஷ்கோவா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சாகப் போகுதுண்ணே..."

"தெரியும். அஞ்சு மணிக்கு என்ன நடக்கும்னும் எனக்கு நல்லாத் தெரியும். இருங்க."

ஆறாவது வரியில் இருந்தது: 'மாலை நேர உதவி, இரவு எட்டு முதல் பத்து வரை: ஆறு பேர் ஆதரவு. எதிர்ப்பு யாரும் இல்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறை.' விரலை வைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஒக்னியானின் விரலைப் பிடித்து எந்த இடம் என்று காட்டினார். வெனெத்தாவின் கட்டைவிரலுக்கு மை தடவினார்கள். நான்காவது கையெழுத்துக்கு ஸ்பாஸை அனுப்பி, போனில் பேசிய மூவரில் பக்கத்தில் இருந்த ஒருவரை அழைத்துவந்தார்கள்.

காசாளர் அம்மாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். "இன்னிக்குக் கூட்டத்துக்குப் பதினாலு லெவா நாப்பது. இந்தாங்க, கையோட வாங்கிக்குங்க." எண்ணிக் கொடுத்தாள். பிறகு மேலே இருந்த மூன்று வரியையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பழசுதான் பிரச்சினை. நீங்களே வேணாம்னு எழுதி, அதுக்கு எண்ணும் போட்டுட்டாங்க. திருப்பி வேணும்னா புதுசா ஒரு மனு கொடுத்து, அதை மேல அனுப்பி..."

"எத்தனை மாடி?"

"மூணு."

ராங்கெல் கையை வீசினார். "எழுதும்மா, எழுதித் தொலை."

அவள் மூன்று வரிக்கும் நேராக 'தள்ளுபடி' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை குத்தினாள்.