ராணி மடிப்பு

நாட்டின் அதிசயங்கள் அத்தனையும் அந்தச் சுற்றுலாப் பேருந்து டிரைவருக்கு அத்துப்படி. ஆனால் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும்தான். அருவி என்றால் அவருக்குச் சேறும் சகதியுமான ஒரு மைதானம். மலைக்கோட்டை என்றால் பின்னால் எடுக்கும்போது சுவரில் உரசப் பார்க்கும் ஒரு வளைவு. எரிமலை ஏரி என்றால் சுத்தமான கழிப்பறை. பயணிகள் இறங்கிப் போனதும் வண்டியைக் கூட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், கடைசி சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிடுவார். வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். தூங்குவது அவராகச் சேர்த்துக்கொண்டது.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. வம்பெல்லாம் வீட்டில்தான். அவர் மனைவி தையல்காரி, வீட்டின் முன்னறையே அவள் கடை. நாடு சுற்றும் புருஷன் வாய்த்தும் அவள் கண்டதென்னவோ தையல் மெஷினும் எதிர்வீட்டு ஜன்னலும்தான். அவருக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, "இந்தத் தடவை என்ன பாத்தீங்க?" என்று கேட்பாள்.

ஆரம்பத்தில் அவர் யோக்கியமாகத்தான் இருந்தார். "அருவி ரொம்பப் பெருசாம். பக்கத்துல நிக்கிறவங்க பேசினாக்கூடக் கேக்காதாம்." எல்லாம் கைடு மைக்கில் சொன்னது, ஈரத்தலையோடு திரும்பியவர்கள் பேசிக்கொண்டது. ஆனால் 'பெருசாம்' என்றால் அவள் முகம் சுருங்கும், 'பெருசு' என்றால் மலரும். பசியோடு வந்து உட்கார்ந்த மனுஷன் என்ன செய்வான்? அந்த 'ஆம்' கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து ஒரு நாள் காணாமலே போனது.

குகை ராணிகளும் அப்படித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். "குகைக்குள்ளே எட்டு ராணிகள் வரிசையாக நிற்கிறார்கள்" என்று கைடு மைக்கில் சொல்வது வழக்கம். அதை அப்படியே கொண்டுவந்து மனைவியிடம் இறக்கினார். ராணிகள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று அவள் குடைந்தெடுத்தாள். மூன்றாவது ராணியின் தோளிலிருந்து மூன்றாக இறங்கி இடுப்பில் ஒன்றாகச் சேரும் ஒரு மடிப்பு அன்றைக்குத்தான் பிறந்தது. அடுத்த வாரமே அதை ஒரு கவுனில் தைத்துப் பார்த்தாள். கடையில் கூட்டம் மொய்த்தது. 'ராணி மடிப்பு' என்று பலகையே எழுதி மாட்டினாள். யாராவது பாராட்டினால், "எனக்கேதுங்க அவ்வளவு மூளை? மூணாவது ராணியோடது. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வந்து சொன்னார்" என்பாள். அதைக் கேட்க டிரைவருக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம் சீட் இல்லை என்று தட்டிக் கழித்தார். கடைசியில் அவர் தலையில் கல்லைப் போட்டது முதலாளிதான். துணி தைக்கக் கொடுக்க வந்தவர், "வண்டி பாதி காலியாத்தான் போகுது. வீட்டம்மாவையும் ஏத்திக்கப்பா" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்றே பெட்டியைக் கட்டிவிட்டாள். மடிப்பின் அகலத்தை ராணியிடமே சரிபார்த்துவிட வேண்டுமென்று அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டாள்.

குட்டு உடைந்தால் டிரைவர் இதுவரை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பொய்யாகிவிடும். அவள் தன்னை ஒரு ஆளாக மதிப்பதே அந்தக் கதைகளுக்காகத்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

டயரில் காற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அருவியில் தப்பித்தார். அவள் தொப்பலாக நனைந்து திரும்பி, "நீங்க சொன்னத விடப் பெருசுங்க!" என்று பூரித்தாள். குகையில் பாச்சா பலிக்கவில்லை. "ராணிய நீங்கதான் காட்டணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கைடு வேறு, "பூட்டிட்டு வாங்கண்ணே, பஸ்ஸ யாரு தூக்கிட்டுப் போகப்போறாங்க?" என்று ஒத்து ஊதினார்.

குகை வாசலில் பாறை தாழ்ந்து கிடந்தது. ஒரு தடவை வந்துபோன எவரும் மறுதடவை தானாகக் குனிவார். டிரைவர் நிமிர்ந்த நெஞ்சோடு போய் நங்கென்று இடித்துக்கொண்டார். அவள் அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டாள், ஆனால் பார்வை ஒரு தினுசாக இருந்தது.

உள்ளே கைடு விளக்கைத் தூக்கிப் பிடித்தார். "இதோ, எட்டு ராணிகள்!"

யுகயுகமாக நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த எட்டுச் சுண்ணாம்புத் தூண்கள் பளபளவென்று ஈரமாக நின்றன. முகமில்லை, கையில்லை, உடுப்புமில்லை. டிரைவர் கழுத்தை நீட்டித் தூண்களுக்குப் பின்னால் தேடினார்.

"தூணெல்லாம் சரி, ராணிங்க எங்கப்பா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை. எல்லோரும் முன்னால் போகும்வரை காத்திருந்தாள்.

"நீங்க இதுக்குள்ள வந்ததே இல்ல."

"இல்ல."

"அருவி?"

"சத்தம் கேட்டிருக்கேன்."

"கோட்டை?"

"பின்பக்கச் சுவரு நல்லாத் தெரியும்."

"கட்டினவளுக்கே காது குத்தியிருக்கீங்க!" அவளுக்கு நிஜமாகவே கோபம். "எத்தனை பேருகிட்ட ராணி ராணின்னு சொல்லியிருப்பேன்! சரி, அந்த மடிப்பாவது கைடு சொன்னாரா?"

டிரைவர் திருதிருவென்று விழித்தார். "அவர் எங்க சொன்னாரு? நீதான் கேட்ட. தோள்லேருந்து இறங்குதான்னு கேட்ட, ஆமான்னேன். மூணா பிரியுதான்னு கேட்ட, ஆமான்னேன். இடுப்புல சேருதான்னு கேக்கறப்ப வாய் நிறையச் சோறு. தலைய மட்டும் ஆட்டினேன்."

அவள் தன் தோளைக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கும் அந்த மடிப்பு வைத்த கவுனைத்தான் போட்டிருந்தாள்.

"அப்போ இத எந்த ராணியும் போடல?"

"சத்தியமா போடல."

"நீங்களும் சொல்லல?"

"நான் ஆமா மட்டும்தான் சொன்னேன்."

அவள் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "நாளைக்குக் கோட்டைக்குள்ள நீங்களும் வர்றீங்க. இனிமே வண்டியில தூங்கினீங்கன்னு தெரிஞ்சா நடக்கறதே வேற" என்றாள். குரலில் காரம் குறைந்திருந்தது. டிரைவருக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவர் அந்தத் தூண்களை நின்று பார்த்தார். ரொம்ப அழகாகத்தான் இருந்தன.

வண்டியில் ஏறியதும் பின்சீட்டுப் பெண் ஒருத்தி தையல்காரியின் தோளைத் தொட்டாள். "ரொம்ப நேரமா கேக்கணும்னு இருந்தேன். இந்த மடிப்பு நல்லாருக்கே, யாரோடது?"

டிரைவர் சாவியைத் திருப்பாமல் காது கொடுத்தார்.

"என்னோடதுங்க" என்றாள் தையல்காரி. அப்புறம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "நானே யோசிச்சது."

குறுக்கே ஒரு ஈ காக்கா இல்லாத மைதானத்தில் டிரைவர் ஹாரனை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார்.